பட்டையில் குறை இல்லை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பட்டை தேறியது. உயரத்தில் வேலை செய்கிறவர்கள் கட்டிக்கொள்ளும் பெல்ட்டுக்கான பட்டை. இயந்திரத்தில் மாட்டி இழுத்தால் இரண்டு டன் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. முத்திரை குத்தினேன். தைத்து முடித்த பெல்ட்டை இங்கே யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது.

மார்ச் 11

தையல் பிரிவு அக்கா சொன்னாள்: "நூலை மாத்தி ஒரு வருஷம் ஆச்சு. நாலு மாசம் வெயில் பட்டா கையாலயே பிச்சிடலாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தம்பி கட்டிடங்களுக்கு வெளியே தொங்கிப் பெயிண்ட் அடிக்கிறவன். அவன் இடுப்பில் இருப்பது போன வருஷக் கடைசியில் நான் வாங்கிக் கொடுத்த எங்கள் பெல்ட்.

மார்ச் 12

வாசலில் விளம்பரத்துக்குத் தொங்கி வெயிலில் காய்ந்த பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். இருநூறு கிலோ தாங்கவில்லை. தையல் மொத்தமாக விட்டுப்போனது. பட்டை மட்டும் புத்தம் புதுசாக.

மேலாளரிடம் காட்டினேன். "பட்டை அறுந்துச்சா? இல்லல்ல? உன் வேலை பட்டையோட முடிஞ்சுது."

திரும்பி வந்து அடுத்த பட்டைக்கு முத்திரை குத்தினேன்.

மார்ச் 13

தம்பிக்கு வேறு கம்பெனி பெல்ட் வாங்கிக் கொடுத்தேன். "பழசாயிடுச்சுடா, அதைத் தூக்கிப் போடு."

"நல்லாத்தானேக்கா இருக்கு?"

"சொன்னதைச் செய்."

காரணம் சொல்லவில்லை. அவன் ஓட்டை வாய். நாலு பேருக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும்.

மார்ச் 20

பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 22

நெட்டையன் செத்துப்போனான். தம்பியோடு வேலை பார்க்கிறவன், எங்கள் வீட்டுக்கு வந்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன். ஆறாவது மாடியிலிருந்து விழுந்திருக்கிறான்.

மருத்துவமனைச் சுவரில் சாய்ந்து தம்பி சொன்னான்: "தூக்கிப் போட மனசு வரலக்கா. அவன்கிட்ட பெல்ட்டே இல்ல. அதான் குடுத்துட்டேன்."

ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்? ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

ஏப்ரல் 25

விபத்து விசாரணைக்காக அந்த பெல்ட் என் மேசைக்கே வந்தது. கொக்கி பக்கத்தில் தம்பி பெயிண்டால் போட்ட அடையாளம். தையல் ஒரு பக்கம் முழுக்கப் பிரிந்து கிடந்தது. மேலாளர் பக்கத்திலேயே நின்றார். பட்டையை மட்டும் வெட்டி இழுத்தேன். இரண்டு டன்.

தேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 26, சனி

காலையில் தம்பி கேட்டான். "பட்டைல குறை இல்லையாமே?"

"இல்லடா."

"அப்புறம் ஏன்கா தூக்கிப் போடச் சொன்ன?"

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

அவன் புது பெல்ட்டைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். இன்றைக்கு அவனுக்கு எட்டாவது மாடி.