நீ டாக்டரிடம் கேட்டது

அம்மா,

கதவு திறக்கும்போதெல்லாம் டெட்டால் வாசனை வருகிறது. உடனே உன் நினைப்பு. நாமக்கல்லில் ஸ்கேன் எடுக்கும் இடத்தில், ஐந்தாம் மாத வயிற்றோடு உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன். "உக்காரு சாமி, பாக்கற எனக்கே தல சுத்துது," என்கிறார் பக்கத்தில் இருக்கும் அம்மாள். உட்கார முடிந்தால்தானே! இந்தப் பிள்ளையின் முதுகுத்தண்டு மூடியிருக்கிறதா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

பெரியவன் பிறந்தபோது இதே வாசனைக்குள்தான் நீ நின்றாய். அவன் முதுகில் ஒரு நீர்ப்பை. சேலத்து டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழல் முதல் மாதத்திலேயே, உண்டானது நமக்கே தெரியும் முன்பே, மூடிவிட வேண்டும். தலைப்பக்கம் மூடாவிட்டால் மண்டையோடு உருவாகாது, பிள்ளை தங்காது. சிலருக்குப் பின்மண்டையில் பை பிதுங்கும். முதுகில் மூடாவிட்டால் இவனைப் போல. வெளியே தெரியாத சின்ன வெடிப்போடு ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறவர்களும் உண்டு. ஃபோலிக் சத்துக் குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, அதிக எடை, சில வலிப்பு மாத்திரைகள், ஆரம்பத்தில் வரும் கடும் காய்ச்சல், குடும்பத்தில் முன்பே இருந்தது என்று அடுக்கியவர், பல பேருக்குக் காரணமே தெரியாது என்றும் சொன்னார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ கேட்டாய், "ஏனுங்க, கெரகணத்துல வெளிய போனா இப்புடி ஆவாதுங்களா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்கம்மா."

எனக்குக் கோபம் வந்தது. என்னைக் குறை சொல்ல வழி தேடுகிறாய் என்று நினைத்தேன்.

ஊர் திரும்பும்போது, ராசிபுரம் தாண்டியதும் பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாய். "உனக்கு முன்னாடி ஒரு பொட்டப்புள்ள பொறந்துச்சு சாமி. மண்டையோடே இல்ல. கெரகணத்துல காட்டு வேலைக்குப் போனதாலதான்னு எல்லாரும் சொன்னாங்க. நாந்தான் கொன்னுட்டேன்னு இருந்துட்டேன்."

என்னை வளர்த்த காலம் முழுக்க இதை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாய்.

பெரியவன் இப்போது வாக்கரோடு கோழிகளைத் துரத்துகிறான். பார்க்க நீ இல்லை. இந்த முறை, வீட்டுக்காரருடைய போர் போடும் ரிக் வண்டி வடக்கேயிருந்து திரும்பும் முன்பே, டாக்டரம்மா எழுதிக் கொடுத்த ஃபோலிக் மாத்திரையைத் தொடங்கிவிட்டேன். "வண்டி இன்னும் நாக்பூரே தாண்டல, அதுக்குள்ளயா?" என்று போனில் கேலி செய்தார். மாத்திரை ஆபத்தைக் குறைக்கும், அடியோடு போக்காது. அதுதான் என்னை உட்கார விடவில்லை.

சற்று முன் நர்ஸ் கேட்டார், "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருந்துச்சுங்களா?"

"எங்க அக்காளுக்குங்க," என்றேன்.

நீ பெயர் வைக்காமல் புதைத்தவளை முதல்முறையாக அப்படிச் சொன்னேன், அம்மா.

என்னைக் கூப்பிடுகிறார்கள். பயமாக இருக்கிறது. அழுதுகொண்டு வருவேனோ, சிரித்துக்கொண்டு வருவேனோ, தெரியாது. ஆனால், நான் என்ன தப்பு செய்தேன் என்று மட்டும் கேட்டுக்கொள்ள மாட்டேன். அதை எனக்கும் சேர்த்து நீயே கேட்டு முடித்துவிட்டாய்.