உன் கார்டு இன்னும் மூடப்படவில்லை

அன்பு அமலா,

உன் பெயரில் இருக்கும் கிரெடிட் கார்டு இன்னும் செயல்பாட்டில்தான் இருக்கிறது. வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் இன்று காலை இதை உறுதிப்படுத்தினாள். என் கார்டோடு சேர்த்து உனக்கு வாங்கிய துணைக் கார்டு. நீ போன பிறகு ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. அந்தக் கார்டு மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது.

"கார்டு வச்சிருக்கறவங்க லைன்ல வருவாங்களா சார்?" என்று கேட்டாள்.

"வரமாட்டாங்கம்மா."

"எப்ப பேசுவாங்க?"

நீ இறந்துவிட்டதைச் சொன்னேன்.

ஊருக்கெல்லாம் கார்டு என்றால் கடன். நமக்கு அது வேறு. நிருபர் வேலையாக நான் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் இருந்தால் போனை எடுக்கமாட்டேன் என்று உனக்குத் தெரியும். அதனால் தினமும் வேலைக்குப் போகும்போது கடலூர் பஸ்ஸிலிருந்து சிதம்பரத்தில் இறங்கியதும், பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் ஒரு பன் வாங்கிக் கார்டைத் தேய்ப்பாய். செய்தி என் போனுக்கு வரும். நீ பத்திரமாக இறங்கிவிட்டாய் என்று தெரிந்ததும், நான் கூட்டத்தில் குறிப்பெடுப்பதைத் தொடர்வேன்.

ஒருநாள் உன்னோடு நானும் வந்திருந்தேன். "ஒரு பன்னுக்குக் கார்டாம்மா? இதோ ஒட்டியிருக்கேன்ல, போன்ல ஸ்கேன் பண்ணுங்க" என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார். "அது எனக்குத்தான் சொல்லும். இது இவருக்குச் சொல்லும்" என்றாய். "அப்ப இவரு வேலையே அதானா?" என்று அவர் கேட்டதற்கு, பஸ்ஸில் வீடு திரும்பும்வரை சிரித்தாய்.

கார்டின் மறுபக்கத்தை முதலில் பார்த்தவளும் நீதான். சில மாதம் நான் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். "குறைஞ்சது இவ்ளோ கட்டினா போதும்னு போட்டிருக்கான் மாமா. யாருக்குப் போதும்னு போட்டானா?" என்றாய். மீதிக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. உன் வளையல் போய்த்தான் அது அடைந்தது. அதன் பிறகு முழுத் தொகையையும் கெடுவுக்கு முன்பே கட்டுவது, கார்டில் பணமாக எடுக்காமல் இருப்பது, இரண்டும் வீட்டுச் சட்டம். இன்றுவரை மீறவில்லை.

ஆனால் ஒன்றைச் செய்யாமலே விட்டேன். பஸ்ஸில் பாட்டுக் கேட்க மாதச் சந்தா போட்டு வைத்திருந்தாயே, அது உன் கார்டிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்கிறது. நீ போன மறுமாதம் கோர்ட்டு வராந்தாவில் நின்றபோது உன் கார்டு எண்ணோடு செய்தி வந்தது. ஒரு நொடி, நீ சிதம்பரத்தில் இறங்கிவிட்டாய் என்றே நினைத்தேன். அந்த ஒரு நொடிக்காகத்தான் நிறுத்தவில்லை. யாரும் கேட்காத பாட்டுக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறேன். இதை யாரிடம் சொல்வது?

பழைய கார்டின் காலம் முடிவதால், நேற்று கூரியர்காரர் உன் பெயருக்குப் புதுக் கார்டு கொண்டுவந்தார். "அமலா மேடம் இருக்காங்களா? கையெழுத்து வேணும்." நான் வீட்டில் இல்லாமல் அது வேறு கைக்குப் போயிருந்தால்? உன் பெயரில் யாரோ ஒருவர் எங்கோ ஒரு கடையில் தேய்ப்பதை நினைக்க முடியவில்லை. அதனால்தான் இன்று பேசினேன்.

"க்ளோஸ் பண்ணிரவா சார்?" என்று வங்கிப் பெண் இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை, "பண்ணிடும்மா" என்றேன்.

நான் சிதம்பரம் போவேன் அமலா. அந்த பேக்கரியில் ஒரு பன் வாங்கி என் கார்டைத் தேய்ப்பேன். செய்தி என் போனுக்கேதான் வரும். இருந்தாலும், வந்து சேர்ந்ததை யாருக்காவது சொல்ல வேண்டும் இல்லையா?

கார்டு மூடப்பட்டதற்கான உறுதிச் செய்தி இன்னும் வரவில்லை. அடுத்த வாரத்துக்குள் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். உன் கார்டு எண்ணோடு வரும் கடைசிச் செய்தி அதுதான்.

உன் மாமா
கடலூர்