சந்தை நாளில் அடித்த தமுக்கு

திண்டுக்கல் தாலுகா,
14-6-1963

அன்புள்ள அத்தானுக்கு,

ஆரோக்கியம் எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் எனக்கும் பிள்ளைகள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எல்லையில் உங்களுக்குக் குளிர் குறைந்ததா என்று எழுதுங்கள். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் உங்கள் அம்மாவேதான்.

மனசுக்குத்தான் சுகமில்லை. நம் கிணற்றையும் கத்தரித் தோட்டத்தையும் அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறதாம். பொதுக் காரியத்துக்கு என்று நோட்டீசில் இருக்கிறது. என்ன காரியம் என்று ஆபீசில் போய்க் கேட்டேன். அதை மேலே பார்த்து முடிவு செய்வார்கள் என்றார் அதிகாரி. எதற்கென்று தெரியாமலே வாயில் இருக்கும் சோற்றைப் பிடுங்குகிறார்கள். கிணறு போனால் மிச்சமுள்ள மேட்டுக் காட்டில் எள்ளுகூட முளைக்காது.

ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். ஊரில் தமுக்கடித்துச் சொன்னதாகவும் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். தேதியைப் பார்த்தேன். சந்தை நாள், பகல் பதினோரு மணி. ஊரே காய்க்கூடையோடு சந்தையில் இருந்த நேரம். தமுக்கைக் கேட்டவை கோழியும் நாயும்தான். அவை ஆட்சேபிக்கவில்லை என்பது உண்மை.

பக்கத்துத் தோட்டத்துச் சோலைமலை அண்ணன் துணைக்கு வந்தார். சந்தை நாள்ல அடிச்சா யாருக்குய்யா கேக்கும் என்று அவர் கேட்டதற்கு, வீடு வீடா வந்து காதுல ஊதணுமா என்று அதிகாரி கேட்டார். போன வருஷம் ஓட்டுக்கு வந்தவர்கள் அப்படித்தானே ஊதினார்கள்? ஒருத்தராவது சந்தை நாளில் வந்தார்களா? கண் தெரியாத மாயக்காள் கிழவியைக்கூட வண்டி வைத்துக் கூட்டிப்போனார்கள். இப்போது நாம் இருக்கும் இடம் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு என்னைப் பார்த்து, நாட்டுல அவசர நிலை, உன் புருஷனே எல்லையில நிக்கிறான், நீ ஒரு கிணத்துக்கு அழுறியேம்மா என்றார். அந்த மேசை மேலேயே காறித் துப்பலாம் போல அருவருப்பாக வந்தது. கிணறு வெட்டப் பாறை உடைத்து நகம் பெயர்ந்தது அவருக்கா, உங்களுக்கா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நின்றதால் ஒன்று காதில் விழுந்தது. பட்டா இவ புருஷன் ஸ்தனிஸ்லாஸ் பேர்ல இருக்கு, சம்மதம்னு அவன் கையெழுத்து வந்துட்டா சிக்கல் இல்ல, தாளைப் பட்டாளத்துக்கே அனுப்பிடு என்று குமாஸ்தாவிடம் சொன்னார். அப்படியானால் கையெழுத்து வராவிட்டால் அவர்களுக்குச் சிக்கல் இருக்கிறது. வக்கீலிடம் விசாரித்தோம். நீங்கள் சம்மதிக்காதவரை, தமுக்கடித்த லட்சணத்தைச் சொல்லிக் கோர்ட்டில் தடை கேட்டுப் பார்க்கலாம் என்கிறார்.

அந்தத் தாளை உங்கள் மேலதிகாரி நீட்டுவார். நீங்களோ விறைப்பாக நின்று, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகியவர். நம் கல்யாணத்தன்றும் சாமியார் விரல் வைத்த இடத்தில் படிக்காமல்தான் போட்டீர்கள். அதை நான் குறை சொல்லவில்லை.

பட்டாளத்துக்கு வரும் கடிதங்களை நடுவில் பிரித்துப் படிப்பார்கள் என்று சொல்கிறார்கள். படிக்கிற ஐயாவுக்கு என் வணக்கம். நான் திட்டியிருப்பதையெல்லாம் மை பூசி அழித்துவிடுங்கள். அடுத்த வரியை மட்டும் என் வீட்டுக்காரர் கண்ணில் பட விட்டுவிடுங்கள்.

அத்தான், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாதா உங்களையும் உங்கள் வலது கையையும் காக்கட்டும்.

உங்கள்
ஆரோக்கியம்மாள்