இரண்டு கல்யாணத்துக்கு ஒரே அண்டா

அவனியாபுரம்,
12.9.2004

அன்பு மகள் பவதாரிணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், மாடியில் சித்தப்பா வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். டொரண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் அதே போல இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். மெயிலில் என் தமிழ் கட்டம் கட்டமாக வந்து விழுகிறது என்று நீ சொன்னதால் பேனாவை எடுத்துவிட்டேன். போனில் பேசலாம் என்றால் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டு முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிடுகிறது. இங்கே நல்ல மழை. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது, ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பிறந்தநாள் மிட்டாய் நீட்டினால் அவருக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை, நீ போனில் கொஞ்சம் கண்டித்து வை, நான் சொன்னால் சிரிக்கிறார்.

போன லீவில் வந்தபோது நம் பாத்திர வாடகைக் கடைக்கு ஒரு டேட்டாபேஸ் செய்து கொடுத்தாயே, அது எங்களைப் படுத்திய பாட்டைத்தான் எழுதப்போகிறேன். கடையில் ஒரு கம்ப்யூட்டர், மாடியில் சித்தப்பாவிடம் ஒரு கம்ப்யூட்டர், நடுவில் ஜன்னல் வழியாக நீ இழுத்துவிட்ட நீல வயர். ஃபைல் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும், நேரில் வருகிறவர்களை நானும் போனில் கேட்கிறவர்களைச் சித்தப்பாவும் அந்த ஒரே ஃபைலில் பதிந்தால் எந்தத் தேதிக்கு எந்த அண்டா யாருக்கு என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தாய். நீ இருந்தவரை நன்றாகத்தான் ஓடியது. ஆடி மாதம் கடைக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்ற வேண்டியதாகிவிட்டது. நல்லவேளையாக ஃபைலை சிடியில் போட்டு வைத்திருந்தோம். நானும் சித்தப்பாவும் அதைத் திரும்பக் கடைக் கம்ப்யூட்டரில் வைத்து, அந்த ஃபோல்டரை மாடிக்குத் தெரிகிற மாதிரி ஷேர் செய்தோம். மாடியில் ஃபைல் திறந்தது, எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அவரால் பார்க்க முடிகிறது, ஒரு எழுத்துக்கூட எழுத முடியவில்லை. படிக்க மட்டும்தான் என்று இங்கிலீஷில் சொல்கிறதாம். நான் கீழே திறந்து வைத்திருப்பதால்தான் அப்படி என்று நினைத்து, ஒவ்வொரு போனுக்கும் மாடியிலிருந்து, "மதினி, செத்த மூடுங்க, லைன்ல ஆளு இருக்கு" என்று குரல் கொடுப்பார். நான் மூடியும் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, சரியாக மூடவில்லை என்று என் மேலேயே பழி வந்தது.

பிறகு ஒருநாள் சரியாகிவிட்டது என்றார். நானும் நம்பிவிட்டேன். அவர் செய்தது என்னவென்றால், ஃபைலைப் பிரதி எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு அதில் எழுத ஆரம்பித்துவிட்டார். நடுவில் வயர் இருக்கிறதே, இதில் எழுதுவது தானாக அதில் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவர் எண்ணம். கீழே ஒரு ஃபைல், மேலே ஒரு ஃபைல், ஒன்றுக்கு ஒன்று தெரியாது. ஆவணி வளர்பிறையில் அந்தப் பெரிய முகூர்த்தத்துக்கு, இங்கே லேத் பட்டறை வைத்திருக்கும் வெள்ளைத்துரை அண்ணன் கடைக்கு வந்து தன் மகள் கல்யாணத்துக்குப் பெரிய அண்டாக்கள் மொத்தமும், இட்லிக் கொப்பரையும் கேட்டார், பதிந்தேன். அதே நாளுக்கு அழகர்கோவில் பக்கம் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் சின்னச்சாமி என்பவர் தன் மகள் கல்யாணத்துக்குப் போனில் அதே அண்டாக்களைக் கேட்டிருக்கிறார், சித்தப்பா பதிந்திருக்கிறார். முந்தின நாள் மத்தியானம் லோடு வண்டி ஓட்டும் சங்கிலி வந்து நின்று தலையைச் சொறிகிறான். "மதினி அவனியாபுரம்ங்கிறீக, அண்ணே அழகர்கோவில்ங்கிறாரு. எங்கிட்ட இருக்கது ஒரு வண்டி, நான் எங்கிட்டுப் போக" என்றான். மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன், அங்கே வெள்ளைத்துரை பெயர் இல்லை, கீழே சின்னச்சாமி பெயர் இல்லை.

சித்தப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இம்புட்டு வருசம் சேத்த பேரு இன்னைக்கோட போச்சு மதினி" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குத் திட்ட மனது வரவில்லை. மதுரையில் தெரிந்த கடை எல்லாவற்றுக்கும் போன் போட்டோம், அத்தனை பெரிய முகூர்த்தத்தில் எவரிடம் அண்டா மிச்சம் இருக்கும். கடைசியில் போனை வைத்துவிட்டு நேரே வெள்ளைத்துரை அண்ணன் வீட்டுக்குப் போனேன். பந்தல் போட்டு, வாழைமரம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "நாளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு நிக்கிறவன்கிட்ட வந்து கம்ப்யூட்டர் கதை சொல்லுறீகளேம்மா" என்று அவர் கோபப்பட்டார், அதில் தப்பில்லை. அவர் மனைவி தங்கப்பொண்ணு பூக்கட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "அந்தக் கல்யாணத்துல எப்பப் பந்தி" என்று என்னிடம் கேட்டார். மத்தியானச் சாப்பாடுதான் என்றேன். "நம்மளுக்கு விடியக்கால முகூர்த்தம், பலகாரத்தோட சரி. முடிஞ்சதும் கழுவி ஏத்தி விட்டுரலாம். அதுவும் ஒரு பொம்பளப்பிள்ள கல்யாணந்தான" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னார். அவர் வாழைமரத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, "ஏத்துறதுக்கு நம்ம பட்டறைப் பயலுகள அனுப்புறேன்" என்றார். சின்னச்சாமிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "நேரத்துக்கு வந்து சேந்துருமா தாயி" என்று மட்டும் கேட்டார். நானே வண்டியில் கூட வாரேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை நீ பார்த்திருக்க வேண்டும். தாலி கட்டி, இட்லியும் பொங்கலும் பரிமாறி முடித்த கையோடு சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்க்கிறார். வெள்ளைத்துரை வீட்டுப் பெண்கள் பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு புளி போட்டு விளக்குகிறார்கள். தங்கப்பொண்ணு ஒரு தூக்குவாளி நிறையக் கேசரியை என் மடியில் வைத்து, அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கச் சொன்னார். சங்கிலி ரிங் ரோட்டில் வண்டியை விட்ட வேகத்தில் பின்னால் அண்டாக்கள் போட்ட சத்தம் மேளச் சத்தத்தை விடப் பெரிதாக இருந்தது. போய்ச் சேர்ந்தபோது சின்னச்சாமி ரோட்டிலேயே நிற்கிறார், சமையல்காரர் அடுப்பைப் பற்ற வைத்து அரிசியைக் களைந்து காத்திருக்கிறார். பந்தி குறித்த நேரத்தில் உட்கார்ந்தது. நானும் சித்தப்பாவும் கிளம்பப் பார்த்தோம், சின்னச்சாமி விடவில்லை, முதல் பந்தியில் தன் சம்பந்தி பக்கத்தில் எங்களுக்கு இலை போடச் சொன்னார். நம் ஆட்கள் கல்யாண வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று சோறு வாங்கிய காலத்தை அப்பா உனக்குச் சொல்லியிருக்கிறார். அதை நினைத்துக்கொண்டேதான் இலையில் கை வைத்தேன். பிறகு வெட்கமில்லாமல் இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக இதைச் சரி செய்துவிடுவது என்று உட்கார்ந்தோம். உன்னைக் கேட்டிருக்கலாம், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வீம்பில் இருந்தோம். முதலில் கடையில் ஃபைலைச் சுத்தமாக மூடிவிட்டு மாடியில் திறக்கச் சொன்னேன். அப்போதும் படிக்க மட்டும்தான். அப்படியென்றால் நான் திறந்து வைப்பது காரணமில்லை என்று ஆயிற்று, என் மேல் இருந்த பழியும் போயிற்று. பிறகு கடைக் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து ஷேரிங் பக்கத்தைத் திறந்து அப்பாவைப் படிக்கச் சொன்னோம். வகுப்பில் பாடம் நடத்துவது போல ஒவ்வொரு வரியாகப் படித்து அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தில் நின்றார். "மத்த கம்ப்யூட்டர்ல இருக்கவுக இதை மாத்தலாமான்னு கேட்டிருக்கான். நீங்க டிக் போடல. பிறகு அவன் எப்படி எழுத விடுவான்" என்றார். டிக் போட்டோம். மாடியில் எழுத முடிந்தது. ஆனால் சித்தப்பா திறந்திருக்கும்போது நான் திறக்கப் போனால், வேறு ஒருவர் பயன்படுத்துகிறார் என்று என்னை வெளியே நிறுத்திவிட்டது. இப்போது "மூடுங்க" என்று கத்துவது என் முறை. அதற்கும் தேடி, ஆப்ஷன்ஸில் ஃபைலை ஒருவர் மட்டும் திறப்பது, பலர் சேர்ந்து திறப்பது என்று இரண்டு வழி இருப்பதைச் சித்தப்பாவே கண்டுபிடித்தார். இரண்டு கம்ப்யூட்டரிலும் சேர்ந்து திறக்கிற மாதிரி மாற்றினோம். ஃபைல் திறந்திருக்கும்போது அதன் பக்கத்தில் குட்டியாக இன்னொரு ஃபைல் வந்து உட்கார்ந்து, எல்லோரும் மூடியதும் தானாகப் போய்விடுகிறது. யார் உள்ளே இருக்கிறார்கள் என்று அதுதான் கணக்கு வைக்கிறது போலும், முன்பு அதற்குக்கூட அங்கே எழுத அனுமதி இல்லை. மாடியில் இருந்த பிரதியில் எழுதியதை எல்லாம் ஒன்றுவிடாமல் இதில் ஏற்றிவிட்டு, அந்தப் பிரதியைச் சித்தப்பா தன் கையாலேயே அழித்தார். ஐப்பசியில் இன்னும் ஒரு மோதல் இருந்தது, நாள் இருக்கிறது என்பதால் சுலபமாகப் பேசி மாற்றிக்கொண்டோம்.

இனி எழுதுவதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உனக்கு ருசிக்கும். சில நாள் மல்லுக்கட்டி எல்லாம் சரியானதும், நான் இங்கே ஒன்று பதிகிறேன், மாடியில் தெரிகிறதா பாருங்கள் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். எதைப் பதிவது என்று யோசித்தேன். அன்று காலையில்தான் நீ போன் செய்து, அம்மா மூணு மாசம் முடிஞ்சிருச்சு, இனி எல்லாருக்கும் சொல்லிக்கோ என்று சொல்லியிருந்தாய். அதுவரை வாயை மூடிக்கொண்டு நான் பட்ட அவஸ்தை எனக்குத்தான் தெரியும். தை மாதம், பவதாரிணி, வளைகாப்பு, பெரிய அண்டா மொத்தமும் என்று அடித்து விட்டேன். மேலே போய்ச் சேர்ந்ததா என்று நீல வயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நாற்காலி விழுகிற சத்தம், படியில் தடதடவென்று காலடிச் சத்தம். "மதினி, கம்ப்யூட்டர் சொல்லுறது நெசமா" என்று கேட்டுக்கொண்டே கடைக்குள் வந்து நின்றார். நெசந்தான் என்றேன். மனுஷன் அழுதுவிட்டார்.

அதனால் தையில் வருவதற்கு டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, டாக்டர் கொடுக்கும் இரும்பு மாத்திரையை மறக்காதே, பனி வழுக்கும் இடத்தில் தனியாக நடக்காதே, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள். மீனாட்சி அம்மன் துணையிருந்து உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும், நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நிறைந்து வாழ வேண்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
ராமக்காள்