வேணி சொல்லாத பதில்

அக்கா, தொந்தரவுக்கு மன்னியுங்கள். நீங்கள் இருந்தபோதே சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாதவள், இப்போது கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோயிலைவிட்டு வெளியே வந்தபோது, உங்கள் மகள் ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். "அம்மா இத உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க." பழைய தாளும் பசையும் பாச்சை உருண்டையும் கலந்த வாசம். பிரிக்காமலே தெரிந்தது, உள்ளே வேணி இருக்கிறாள் என்று.

வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை உங்கள் அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த புத்தகம். ரெட்டியார்பாளையத்தில் கம்பெனி பஸ் ஏறினால் சேதராப்பட்டு போகும்வரை அது உங்கள் மடியில் இருக்கும். நீங்கள் பேக்கிங், நான் ஆபீஸில் கம்ப்யூட்டர். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் என்றாலும், யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஜன்னலையே பார்த்து வருவேன்.

"இன்னாம்மா காலேஜு, சும்மாதான வர்ற? படிச்சுக் காட்டு. பஸ்ஸுல கண்ணாடி போட்டா எனக்குத் தல சுத்துது."

படித்தேன். "இன்னும் கொஞ்சம் சத்தமா. வேணிக்கே கேக்காது போலருக்கு" என்றீர்கள்.

ஊசுடு ஏரியின் மேல் பனி கிடக்கும் காலைகளில், கதையில் வரும் அந்தச் சின்ன ரயில் நிலையம் தண்ணீருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று தோன்றும். ஸ்டேஷன் மாஸ்டர் மகள் வேணி பச்சை விளக்கோடு நிற்பாள். தண்டவாளம் அளக்க வந்த கதாநாயகனை அல்ல, நான் அவளைத்தான் காதலித்தேன். கதைக்கு ஓவியர் அவளை வரைந்ததுபோல் சடையை முன்னால் போட்டுக்கொண்டு ஒருநாள் பஸ் ஏறினேன். நீங்கள் மட்டும் கவனித்துவிட்டு, "ஏறு வேணி, வண்டி கெளம்புது" என்று மெதுவாகச் சொன்னீர்கள்.

"என்னோடு வருகிறாயா?" என்று அவன் கேட்கிற இடத்தில் 'தொடரும்' என்று போட்டிருக்கும். அடுத்த பக்கத்தில் அவன் சிரித்த முகத்தோடு ரயில் ஏறுகிறான். நடுவில் ஒரு வாரம் இல்லை.

"பக்கத்து வூட்டுக்காரி அந்த வாரத்துப் புக்க வாங்கினு போனா, தரவே இல்ல. பாவி!"

"அப்ப வேணி இன்னா சொன்னாங்கக்கா?"

நீங்கள் சொன்னீர்கள். மறுவாரம் கேட்டால் வேறு பதில். மழை நாளில் ஒன்று, சம்பள நாளில் ஒன்று. எனக்குப் பிடித்தது இதுதான்: "வரேன். நீ கூப்டறதுக்காக இல்ல. எனக்கே போணும்னு இருக்கு."

போன ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய புத்தகக் குவியலில் அந்த நாவல் முழுசாகக் கிடைத்தது. அங்கேயே நின்று அந்த அத்தியாயத்தைப் புரட்டினேன். வேணி ஒன்றுமே சொல்லவில்லை அக்கா. தலை குனிந்தாள். அவள் அப்பா சொன்னார், "எங்களுக்குச் சம்மதம்." அவ்வளவுதான். சுற்றிலும் சட்டைத்துணி ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. நான் காதலித்த வேணி அந்தப் புத்தகத்தில் இல்லை. பஸ்ஸில், என் பக்கத்து இருக்கையில் இருந்திருக்கிறாள்.

இன்னொரு சேதி. நம் கம்பெனி ஸ்டோர்ஸில் இருக்கிறாரே, நீங்கள் 'ஒட்டடைக்குச்சி' என்று கேலி செய்வீர்களே, அவர் வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாப்பில் கேட்டார். "உங்க வூட்ல வந்து பேசட்டுமா? ஆனா மொதல்ல நீங்க சொல்லணும். உங்கப்பா சொல்றது அப்புறம்." எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனாலும் தலை குனிந்து நின்றேன். "சரி, திங்கக்கிழம சொல்லுங்க" என்று போய்விட்டார். இன்னும் சும்மா நின்றால், வேண்டாம் என்று நினைத்துக்கொள்வார்.

நாளை திங்கட்கிழமை. உங்களிடம் எனக்கென்று நான் எதுவும் கேட்டதில்லை. நாளை அவர் பஸ் ஏறும்போது, தள்ளி உட்கார்ந்து எனக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள் அக்கா. இந்த ஒரு தடவை பதிலை நானே சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.