தெளிந்த தண்ணீரும் அடிச்சேறும்

நான் மடி, ஆசாரம் பார்த்துத்தான் மூடிக் கிடக்கும் பழைய கிணற்றைத் திறக்க விடவில்லை என்று மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. குடிப்பதற்கு முன் நீரைச் சோதியுங்கள், அடிச்சேற்றையும் சேர்த்துச் சோதியுங்கள் என்றேன், அவ்வளவுதான். நீங்கள் கண்ணை மூடிய பிறகு இதைப் புரிந்துகொள்ள இங்கே ஆளில்லை.

இன்று காலை கிணற்று மூடியை விலக்கினார்கள். ஈரச்சேற்றின் வாசனை மாடிவரை ஏறி வந்தது. அதோடு அறுபதுகளில் நாம் இருந்த மாதுங்கா வீடும் நினைவில் வந்தது. வெளியே மழை. பித்தளைத் தவலையில் நான் படிகாரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கிறேன். ஆய்வுக்கூடத்துக்காக ஏதோ ஓர் ஆற்றங்கரையில் மண் எடுத்துவிட்டு, சேறு காய்ந்த காலணியோடு வாசலில் நிற்கிறீர்கள். அந்தத் தண்ணீர் இன்னும் சுழன்றுகொண்டே இருப்பது போலிருக்கிறது.

வண்டல் இறங்கியதும் மேல்நீரை மொண்டு நீட்டினேன். "பளிங்கு மாதிரி இருக்கு, குடிங்கோ."

"பளிங்குன்னு யார் சர்டிபிகேட் குடுத்தா, கான்வென்ட் மேடம்?" என்று என் படிப்பைக் கிண்டல் செய்தீர்கள்.

பிறகு அந்தத் தவலையைக் காட்டியே சொன்னீர்கள். மலைப்பாறையிலிருந்தும் சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்ணிலிருந்தும் கரைந்து வரும் யுரேனியம் ஆற்றில் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளம் கரையேறித் தேங்கும்போது, களிமண்ணும் மக்கிய இலையும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கொஞ்சம் கூடும். ஆறு தெளிந்துவிடும், ஊரும் மறந்துவிடும். ஒரு கோடையில் நிலத்தடி நீர் இறங்கி மண்ணுக்குள் காற்று புகுந்தால், சேறு தன் பிடியை விடும். மறுபடி நீர் ஏறும்போது அது கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

ஆறு கலங்கினால், நீங்கள் மண் எடுத்த ஊர்ப் பெண்கள் கரையோரக் கிணற்றில்தான் குடிநீர் எடுப்பார்களாம். உங்களுக்கும் ஒரு செம்பு கொடுத்தார்களாம். குடித்தீர்களா என்று கேட்டேன். குனிந்து காலணியைக் கழற்றிக்கொண்டே இருந்தீர்கள்.

"குடிச்சேன். குடிக்க மாட்டேன்னா ஏன்னு சொல்லணுமே. சோதிக்காம என்னத்தைச் சொல்றது?"

எங்கள் கிணற்றில் யுரேனியம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எது இருக்கிறதென்று தெரியாமல் இந்தக் கட்டடத்துக் குழந்தைகளுக்கு அதை மொண்டு கொடுக்கக்கூடாது என்கிறேன். அன்றிலிருந்து எந்த டம்ளர் நீரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மட்டும் நான் நம்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கட்டடத்துக்காரர்கள் கூட்டம். அடிச்சேற்றை எவ்வளவு ஆழத்தில் எடுப்பது என்று கேட்பார்கள். அதை மட்டும் நீங்கள் எனக்குச் சொன்னதில்லை. அதற்குள் இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.