நான்காம் வேற்றுமையால் வந்த வினை

ஆண்டாப் ஹில், மும்பை
ஞாயிறு, மதியம்

உங்கள் ஆபீசுக்குப் போனேன். அந்த மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டுதான் போனேன், அப்பாவும் வந்தார், யாரையும் திட்டவில்லை. நீ அனுப்பிய மூன்று கேள்விகளுக்கும் பதில் ஆயிற்று. இனி முறைப்படி. அன்புள்ள முப்பிடாதிக்கு, இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் பாதி சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. உறங்கினாயா என்பதுதான் இனி நம் வீட்டுக் கேள்வி. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் ஓய்வு நேரத்தில் என் மணி இனி அடிக்காது என்று முடிவு செய்திருக்கிறேன். கடிதம் அஸ்ஸாம் வரை வந்து ஜோர்ஹாட்டில் உன் மேசையில் சும்மா கிடக்கும், யாரையும் எழுப்பாது. எழுத்துக்கூட்டி மெதுவாக வாசி.

வியாழக்கிழமை நீ கத்திய கத்தலில் என் பக்கத்தைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. இப்போது கேள். ஆறு நாளில் இருபத்தாறு தடவை அந்தச் சின்ன விமானத்தைத் தரையிறக்கிவிட்டு, அசதி, பறக்க இயலாது என்று கம்பெனிப் பாரத்தில் எழுதி அனுப்பிவிட்டு, போனை அணைத்துவிட்டு நீ படுத்தாய். எனக்கு இது எதுவும் தெரியாது. நீ கம்பெனியில் கொடுத்திருந்த இரண்டாவது நம்பர் என்னுடையது. ஆசிரியர் அறையில் ஐந்தாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன், போன். இந்தியில் ஒரு குரல். என் இந்தியைக் கேட்ட மாத்திரத்தில் அது தமிழாயிற்று. பைலட்டுகளுக்கு டியூட்டி போடுகிற அறையிலிருந்து மகாதேவன், மாட்டுங்காக்காரர். கம்பெனியில் ஒரு தமிழ்க் குரல், எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்கள் பெண் போனை எடுக்கவில்லையே, என்ன ஆச்சு என்றார். உறங்குகிறாய் என்று ஊகித்து, பாசத்தோடு சொன்னேன்: "அவளுக்கு முடியலய்யா, உறங்கட்டும்."

அவர் 'நோய்' என்று பதிந்துவிட்டார்.

வேற்றுமை உருபு நடத்திப் பிழைப்பவள் நான். அவளால் முடியவில்லை என்றால் தெம்பு தீர்ந்துவிட்டது. அவளுக்கு முடியவில்லை என்றால் சீக்கு. மூன்றாம் வேற்றுமை சொல்ல வேண்டிய இடத்தில் நான்காம் வேற்றுமை சொல்லி என் பிள்ளையின் பாரத்தை நானே கிழித்திருக்கிறேன். நோய் என்றால் குற்றம் உன் உடம்பின்மேல், அசதி என்றால் அவர்கள் போட்ட டியூட்டியின்மேல். நோய் என்றால் டாக்டர் பார்ப்பார், உனக்கு ஒன்றுமில்லை என்பார், அப்புறம் நீ பொய்க்காரி. இதையெல்லாம் நீ சொன்னபோது அப்பா பக்கத்தில் இருந்தார். "தமிழ் டீச்சரு ஒத்த எழுத்துல பிள்ளையக் கவுத்துட்டா" என்றார். இரண்டு நாளாக அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். கோமதிநாயகம் சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை, திருநெல்வேலிக்கு இலவச டிக்கெட் கேட்டது என்னாயிற்று என்றார். தூத்துக்குடி வரைதான் விமானம் என்றேன். பரவாயில்லை, அங்கிருந்து பஸ் பிடித்துக்கொள்வாராம்.

சனிக்கிழமை அந்தேரி ஆபீஸ், நான் சொன்னதைத் திருத்தப் போனோம். மேனேஜர் ஒரு மராத்தி அம்மாள், நல்ல மாதிரி, களைத்த முகம். பதிவான என் குரலைப் போட்டுக் காட்டினார். அவளுக்கு முடியலய்யா. என் குரல் இவ்வளவு கொஞ்சும் என்று எனக்கே தெரியாது. இரண்டும் ஒன்றுதானே என்று அவர் இந்தியில் கேட்டதும் எனக்குள் வகுப்பறை திறந்துகொண்டது. சுவரில் வெள்ளைப் பலகை, அதில் உங்கள் பெயர்கள் எல்லாம் வண்ண வண்ணமாக, மூலையில் கொஞ்சம் இடம். மார்க்கரை எடுத்துவிட்டேன். 'ஆல்' என்று எழுதினேன், 'கு' என்று எழுதினேன், அம்பு போட்டேன். இந்தியில் வேற்றுமை உருபு விளக்குவது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் திணறுவதைப் பார்த்து, அதுவரை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா வாயைத் திறந்தார். பஸ் கெட்டு நிற்கிறது வேற மேடம், பஸ்ஸில் இருநூறு பேரை ஏற்றினதால் நிற்கிறது வேற, ரெண்டாவதுக்கு டிரைவரையும் இன்ஜினையும் பார்த்துப் பிரயோஜனமில்லை, டிப்போவைப் பார்க்கணும் என்றார், சுத்தமான பம்பாய் இந்தியில். மேனேஜர் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார்.

ஒரு தாளை நீட்டினார். அன்று நான் சொன்னது நோயை அல்ல என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு சாட்சி வேண்டும், திங்கள் பதினொன்றுக்குள் வர வேண்டும். வந்தால் உன் பாரம் உயிர்பெறும், உன் டியூட்டியைப் பரிசோதித்தே ஆக வேண்டும். வராவிட்டால் நோய்தான். வீட்டுக்குக் கொண்டுபோய் யோசியுங்கள் என்றார். அடுத்த மாதம் கேப்டன் பயிற்சிக்குப் பெயர் எடுக்கிறார்கள், நோய் என்பது யார் கண்ணிலும் படாது, அசதி படும் என்றும் சொன்னார். மிரட்டலாகத் தெரியவில்லை. பழகிய வாக்கியம் மாதிரி இருந்தது.

மகாதேவன் லிஃப்ட் வரை வந்தார். குரலைவிட இளையவர், கண் இரண்டும் செம்பருத்தி. நாலு பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கிறார்களாம், காலை ஐந்துக்கு உட்கார்ந்தவர், மணி அப்போது மாலை நாலு. இந்த மாதம் பதினேழு பேர் அசதி என்று எழுதினார்களாம். பாதிப் பேரைக் கூப்பிட்டுப் பேசியதும் வாபஸ் வாங்கினார்கள், மீதியைக் காய்ச்சல் என்று பதியச் சொன்னார்கள். ஒரு பைலட்டுக்கு வயித்துவலின்னு போட்டிருக்கேன், அது அவருக்கே தெரியாதும்மா என்றார். அப்புறம் மெதுவாக, "நேக்கு அசதின்னு எழுத யாரும் பாரம் தரலை. என்னாலயும் முடியலைம்மா." உருபு சரியாக வந்துவிட்டது. இருவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. சிரித்த சிரிப்பில் லிஃப்ட் இரண்டு தடவை மூடித் திறந்தது.

ரயிலில் சிரிப்பு இல்லை. உன்னிடம் மறைக்க மாட்டேன். பேசாமல் விட்டுவிடு என்றார் அப்பா, கேப்டன் ஆகட்டும் பொறவு பேசட்டும் என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தோளில் நாலு பட்டை. ஒலிபெருக்கியில் உன் பெயர், முழுப் பெயர், முப்பிடாதி என்று. பள்ளியில் எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தாள் கைப்பையில், மடித்து. ஒரு தாள் அவ்வளவு கனக்கும் என்று நினைக்கவில்லை.

இன்று காலை சாயிரா கூப்பிட்டாள். உன் கேப்டன். காட்கோபர்ப் பெண் என்பதை நீ சொல்லவே இல்லையே, நம்மைப்போலவே கலந்து பேசுகிறாள். புதன்கிழமை கடைசித் தரையிறக்கத்தில், சரிபார்க்கும் பட்டியலில் ஒரே வரியை நீ இரண்டு தடவை வாசித்தாயாம். பிறகு நிறுத்தி, "நீங்க எடுத்துக்கோங்க மேடம், வாசிக்கிறேன், உள்ள போகல" என்றாயாம். அவள் கையில் எடுத்து இறக்கினாளாம். இதை நீ எங்களிடம் சொல்லவில்லை. அவள் நாலு தடவை அசதி என்று எழுதி நாலு தடவையும் பயந்து வாபஸ் வாங்கியவளாம், இப்போது உங்கள் ஓய்வறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுகூட இல்லையாம், யார் எழுதினார், யார் வாபஸ் வாங்கினார் என்ற கூச்சம். கடைசியாக ஒன்று சொன்னாள். "ஆன்ட்டி, முடியாதுன்னு சொல்ற ஆளோட நான் எங்க வேணா பறப்பேன். எப்பவும் முடியும்னு சொல்ற ஆளோடதான் எனக்கு பயம்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா எழுந்து போய்ப் பேனா கொண்டுவந்தார். நான் எழுதி முடிக்கும் வரைகூடப் பொறுக்கவில்லை, சாட்சி என்ற இடத்தில் முதலில் அவர்தான் போட்டார். இசக்கிதுரை என்று எழுதி, அதன்கீழ், யாரும் கேட்காமலே, பஸ் டிரைவர், முப்பத்தொரு வருடம் என்று எழுதினார். நான் அவருக்குக் கீழே போட்டேன். வரிசை தப்பு, பரவாயில்லை. அந்த நிமிஷத்திலிருந்து வீட்டில் கல்யாணக் களை. அப்பா ரவா கேசரி கிண்டினார், அடிப்பிடித்துவிட்டது, சுரண்டிச் சாப்பிட்டோம். காரணமில்லாமல் சிரிக்கிறோம். கேப்டன் பயிற்சிப் பட்டியலில் உன் பெயர் வருமா, தெரியாது. வராமலும் போகலாம். அதைத் தெரிந்துகொண்டே சிரிக்கிறோம், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. சாயிராவோடு ஒருநாள் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடு, ஓய்வறையில் முதலில் நீ நிமிர்ந்து பார். டாக்டர் கூப்பிட்டால் போ, கேட்டதற்கு மட்டும் பதில் சொல். முப்பிடாதி அம்மன் உன் இறக்கைக்கு மேலும் இருக்கட்டும், கீழும் இருக்கட்டும். ஏறிய அத்தனை தடவையும் இறங்கி, நிறைந்த உறக்கமும் நீண்ட ஆயுளுமாக இரு. மறக்காமல் உன் இரண்டாவது நம்பரை மாற்றி அப்பா நம்பரைக் கொடு. அவருக்கு இலக்கணம் தெரியாது, தப்பாகச் சொல்ல மாட்டார்.

உன் அம்மா
விஜயராணி

திங்கள், பத்து நாற்பது. தாளைக் கொடுத்தேன். முத்திரை குத்திய நகலை வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். தபாலில் சேர்த்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறேன், மதியத்துக்கு மேல் இரண்டு வகுப்பு இருக்கிறது.